அறுநூற்று ஐம்பது

நாகலூருக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில்
கூலி விசாரிக்கப் போயிருந்தேன்.
ஒன்பது பெயர். அதில் ஐந்து கைநாட்டு.
நாலு பேருக்கு நாளுக்கு முந்நூற்றைம்பது.
அப்புறம் முந்நூற்றறுபது, எழுபது, எண்பது.
மிளகுக்கு ஏணி ஏறும் சடையனுக்கு நானூறு.
கடைசி வரியில் மேலாளர் பொன்னப்பா:
மாதச் சம்பளத்தை நாளாக உடைத்தால்
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.

கூட்டி ஒன்பதால் வகுத்தேன்.
அறுநூற்று ஐம்பது.
மீதி விழாத விடையைப் பார்த்தால்
எனக்கு ஒரு சின்ன மயக்கம் உண்டு.
அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் அந்தத் தாள்
எப்படியோ மலையேறிவிட்டது.
கூலி கூட்டிக் கேட்டவர்களிடம்
"சர்க்காரே சொல்லுது, உங்க சராசரி அறுநூத்தம்பது"
என்று காட்டியிருக்கிறார்கள்.
வெள்ளச்சி என்னிடம் கேட்டாள், கோபமாகக்கூட இல்லை:
"அந்த அறுநூத்தம்பது வாங்குறது யாருங்க?
ஒரு தடவை பாக்கணும்."

அன்று இரவு, அஸ்தம்பட்டி அறையில்,
ஒன்பது பேரையும் கூலிப்படி வரிசையில் நிறுத்தினேன்.
இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு,
நடுவில் வெள்ளச்சி. முந்நூற்றறுபது.
பொன்னப்பாவுக்கு நாளைக்கே லட்சம் கொடுத்தாலும்
அவள் நிற்கும் இடம் அசையாது.
இடைநிலை என்று பரீட்சைக்குப் படித்தபோது
அதன் கணுக்காலில்
அட்டை கடித்த தழும்பு இருக்கும் என்று தெரியாது.

சராசரியைக் குறை சொல்லவில்லை.
மிளகு மூட்டை ஏற்றும் லாரிக்கு அதுதான் வேண்டும்.
எது தடி, எது சோனி என்று
அச்சு கேட்பதில்லை. மொத்தப் பாரம் போதும்.
ஒரு மூட்டையின் குறையை இன்னொன்று தாங்கும்.
பொன்னப்பாவின் மிச்சம்
வெள்ளச்சியின் உலையில் கொதிப்பதில்லை, அவ்வளவுதான்.

மழைக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கப்
பாத அளவு எடுத்தார் ஸ்டோர் கிளார்க் அந்தோணிசாமி.
சராசரி ஐந்தே முக்கால்.
செவ்வாய்ப்பேட்டை முழுக்க அலைந்தும்
ஐந்தே முக்காலுக்குப் பூட்ஸ் கிடையாது.
அதிகம் பேர் சொன்ன எண் ஐந்து.
அதில் ஒரு சாக்கு வாங்கி வந்தார்.
பாடப்புத்தகம் அதற்கு முகடு என்று பெயர் வைத்திருக்கிறது.
அவருக்கு அது தெரியாது. தேவையும் இல்லை.

எங்கள் அலுவலகக் கணினியோ
சமூகம் என்ற பத்திக்கும் சராசரி போட்டிருந்தது.
மலையாளி ஒன்று, மற்றவர்கள் இரண்டு, மூன்று என
அடையாளத்துக்கு நாங்கள்தான் எண் கொடுத்தோம்.
விடை: ஒன்று புள்ளி ஏழு.
ஒன்று புள்ளி ஏழுக்குச் சாதிச் சான்றிதழ்
எந்தத் தாசில்தார் தருவார்?

திருத்திய தாளைக் கொடுத்துவிட்டு
அதே பஸ்ஸில் திரும்புவதாகத் திட்டம்.
அடிவாரத்திலிருந்து இருபது கிலோமீட்டர்.
ஏற மணிக்கு இருபது, இறங்க முப்பது.
"சராசரி இருபத்தைந்து" என்று
கடைசி டவுன் பஸ்ஸுக்கு மனக்கணக்குப் போட்டேன்.
பாதி தூரம்தான், ஆனால் மெதுவான பாதி
நேரத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும்.
இருபத்து நான்குதான் சரி.
நான்கு நிமிட வித்தியாசம்.
இறங்கியபோது டவுன் பஸ்ஸின் சிவப்பு விளக்கு
கோரிமேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

படித்த படிப்பை நினைத்துக்கொண்டு நடந்தேன்.
கூலி உயருமா, தெரியாது.
தாளின் அடியில், மேலதிகாரி அடித்துவிடக்கூடாதே என்று
பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:
கூட்டுச் சராசரி, ரூபாய் அறுநூற்று ஐம்பது.
இந்தக் கூலி பெறுவோர், எவருமில்லை.